உடையாத நாலு வருஷம்

வேதியியல் துறையில் அவருக்குக் ‘கேள்வி மேடம்’ என்று பெயர். கணவர் உப்பு வாங்கி வந்தால்கூட எந்தக் கடல் உப்பு என்று குடைகிற ரகம். அப்படிப்பட்டவரிடம் போய், பட்டப்படிப்பின் தரத்தை மதிப்பிட்டு அறிக்கை எழுதச் சொன்னார் துறைத்தலைவர். மதிப்பீட்டுக் குழு வியாழக்கிழமை வருகிறது. மதிப்பெண் குறைந்தால் அடுத்த ஆண்டு மாணவர் சேர்க்கையே கிடையாது.

நாற்பது பக்கப் படிவத்தைப் பாதியில் மூடி வைத்துவிட்டு, மேடம் சக ஆசிரியர்களைப் பிடித்துக்கொண்டார். ஒரு படிப்பு நல்ல படிப்பு என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? தேர்ச்சி விகிதம் என்றார் ஒருவர். வேலை கிடைத்தவர்களின் கணக்கு என்றார் இன்னொருவர். கடைசி பெஞ்சில் எத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று பார்த்தால் போதும் என்றார் மூன்றாமவர். அவர் வகுப்பில் முதல் பெஞ்சே தூங்கும், அது வேறு கதை. மேடம் ஆய்வக உதவியாளரையும் விட்டுவைக்கவில்லை.

“உடைசல் பதிவேட்டைப் பாருங்க மேடம். நல்லா வேலை கத்துக்கிற பசங்க நிறைய உடைப்பாங்க,” என்றார் அவர்.

பழைய பக்கங்களில் குடுவை, பிப்பெட், பியூரெட் என்று உடைந்த கண்ணாடிக் கருவிகளை இடமில்லாமல் எழுதியிருந்தது. மேடம் ஆய்வகப் பொறுப்பேற்ற நாலு வருஷமாக ஒரு வரி இல்லை. இதைத்தான் ‘பாதுகாப்பில் முதலிடம்’ என்று அறிக்கையில் பெருமையாக எழுதியிருந்தார். இப்போது சுருக்கென்றது. மாணவர்கள் தடுமாறினால் அவருக்குப் பொறுக்காது. தள்ளு, நான் செய்கிறேன் என்று எல்லாச் சோதனையையும் அவரே செய்வார். சுற்றி நின்றவர்கள் அளவைக் குறித்துக்கொண்டு தொண்ணூறு வாங்கினார்கள். அட, தொண்ணூறு வாங்கியது நான்தானா? வெட்கமாக இருந்தது.

அந்த வரியை அடித்துவிட்டு நடந்ததை எழுதினார். மறுநாளே மாணவர்களுக்கு ஆளுக்கொரு பியூரெட்டைக் கொடுத்தார். குழு வருகிற நேரத்தில் வம்பை விலைக்கு வாங்காதீர்கள் என்று துறைத்தலைவர் கெஞ்சியும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, குழுவின் கண்ணெதிரே, ஒரு மாணவியின் கை தவறி பியூரெட் தரையில் விழுந்து நொறுங்கியது. துறைத்தலைவருக்கு முகம் வெளிறியது.

“இங்க இது அடிக்கடி நடக்குமா?” என்றார் குழுவின் தலைவி.

“நாலு வருஷமா நடக்கல. நான் நடக்க விடல. அறிக்கையில எழுதியிருக்கேன்,” என்றார் மேடம்.

மேடத்தின் கை பழக்கதோஷத்தில் வேறொரு பியூரெட்டை எடுத்துவிட்டது. மாணவி அதைப் பார்த்தாள்.

“மேடம், நானே திரும்பச் செய்யட்டுமா?”

அந்த ஆய்வகத்தில் கேள்வி மேடத்தை ஒரு மாணவி கேட்ட முதல் கேள்வி அது. அவர் பியூரெட்டை அவளிடம் நீட்டினார். குழுவின் தலைவி கோப்பை மூடிவிட்டு, அவள் செய்வதைப் பார்க்க ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.