உப்புத் தண்ணீருக்குக் கைதட்டல்

நான் திருகோணமலையில் ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியை. சில வருடங்களுக்கு முன் பாங்கொக் நகரில் நடந்த கிராம அபிவிருத்தி மாநாட்டுக்கு மொழிபெயர்க்கப் போயிருந்தேன். என்னுடன் வந்தவர் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான இலங்கைத்துறையில் மீன் விற்கும் றோசம்மா அக்கா. அவருடைய ஊரில் வெளிநாட்டு உதவியோடு ஒரு கிணறு கட்டியிருந்தார்கள். அதைப் பற்றித்தான் அவர் பேச வேண்டும்.

மேடையில் அவர் நேராகவே சொன்னார்: "கடலுக்குப் பக்கத்தில வெட்டிப்போட்டினம். ஒரே உப்பு, குடிக்க ஏலாது. இப்பவும் ரெண்டு கட்டை தூரம் நடந்துதான் தண்ணி அள்ளுறம்."

கிணறு கட்டித் தந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். விருந்துக்குப் போன வீட்டில் கறிக்கு உப்புக் கூடிப்போச்சு என்று நாங்கள் சொல்வதில்லையே! "கிணற்றுக்காக எங்கள் ஊர் நன்றி சொல்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். மண்டபமே கைதட்டியது. அதே கரையில் இன்னும் இரண்டு கிணறுகள் கட்டித் தருவதாக ஒருவர் எழுந்து அறிவித்தார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரீச்சர், உப்புத்தண்ணி எண்டு சொன்னதுக்கு ஏன் கைதட்டினவை?"

நான் மாற்றிச் சொன்னதை அவரிடம் ஒப்புக்கொண்டேன். ஒலிவாங்கியை மறுபடி பிடித்து, பிழை என்னுடையது என்று சொல்லி, அவர் சொன்னதை அப்படியே சொன்னேன். யாரும் கைதட்டவில்லை. புதுக் கிணறுகளின் பேச்சும் அத்தோடு நின்றது. ஊர் வந்து சேரும்வரை அக்கா என்னோடு கதைக்கவில்லை.

இப்போதும் மொழிபெயர்க்கக் கூப்பிடுகிறார்கள். ஓம் என்று சொல்லுமுன் அந்த ஊருக்குப் போய், அவர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டு வருகிறேன்.