பம்பை நடந்து வந்த தூரம்

வல்லத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் அமிர்தவல்லி ஆங்கில ஆசிரியை. சின்ன வயதில் அம்மை போட்டு இறங்கியபோது பார்வையும் போய்விட்டது. இப்போது செஞ்சியில், திருவண்ணாமலை ரோட்டை ஒட்டி, கணவன் தனகோட்டியோடு வாடகை வீட்டில் இருக்கிறாள். தனகோட்டி பஸ் டிரைவர்.

அவளுடைய கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ரெக்கார்டர் இருக்கும். மற்றவர்கள் போட்டோ எடுக்கிற இடத்தில் அவள் சத்தத்தைப் பிடித்துக்கொள்வாள். செஞ்சிக் கோட்டையில் ராஜகிரிப் படியில் குரங்குகள் பிளாஸ்டிக் பையைப் பிடுங்குவது, மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டையை அவிழ்த்துக் கொட்டுவது, பனமலை ஏரிக்கரையில் காற்று, இப்படி நிறைய. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லேப்டாப்பைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவற்றையும் சினிமாப் பாட்டுகளையும் மாற்றி மாற்றிக் கேட்பாள்.

அவளுடைய லேப்டாப் பேசும். திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் வாசித்துச் சொல்லும்; அதைக் கேட்டுத்தான் அவள் விசைகளைத் தட்டுவாள். பாட்டுக் கேட்க அவள் வைத்திருந்த மென்பொருள் ரொம்ப எளிது. நீளமான விசையைத் தட்டினால் பாடும், மறுபடி தட்டினால் நிற்கும். பாட்டின் பெயரை அந்தக் குரல் தவறாமல் சொல்லிவிடும்.

பள்ளியில் இயற்பியல் எடுக்கிற இளவரசனுக்கு இதில் திருப்தி இல்லை. சத்தத்தின் தரம் என்று பேச ஆரம்பித்தால் அவன் நிறுத்தமாட்டான். ஒரு நாள் வீட்டுக்கு வந்தவன் ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, "டீச்சர், சோத்த கொழைய வச்சி சாப்புடற மாதிரி இருக்குது. நான் ஒண்ணு போட்டுத் தரேன், கேட்டுப் பாருங்க" என்றான்.

புதுசாக ஒரு மென்பொருளை ஏற்றினான். ஏதேதோ அமைப்புகளை மாற்றினான். கடைசியில், "இப்ப கம்ப்யூட்டர்ல வேற எந்த சத்தமும் குறுக்க வராது. பாட்டு மட்டும்தான் நேரா காதுக்கு வரும்" என்று சொல்லி, மேல்மலையனூர் பதிவைப் போட்டுவிட்டுக் கிளம்பினான்.

அது போன வருஷம் ஓர் அமாவாசையில் எடுத்தது. மேல்மலையனூர் கோயிலுக்குத் தனகோட்டி ஸ்பெஷல் பஸ் ஓட்டப் போனபோது அவளும் கூடப் போயிருந்தாள். பஸ் நிற்கிற இடத்தில் அவள் காத்திருந்தபோது, ஒரு குடும்பம் பம்பை மேளம் அடித்துக்கொண்டு தூரத்திலிருந்து வந்து, அவளைக் கடந்து கோயில் பக்கம் போனது. அதைத்தான் பதிவு செய்திருந்தாள். வீட்டுக்கு வந்து கேட்டபோது ஏமாற்றமாக இருந்தது. பம்பை ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே இடத்தில் நின்று அடிப்பதாகத்தான் கேட்டது. சின்ன ரெக்கார்டர், அவ்வளவுதான் முடியும் என்று விட்டுவிட்டாள்.

இப்போது பம்பை நடந்து வந்தது. முதலில் எங்கோ வயல் ஓரத்தில் லேசாக. பிறகு வளைவில். பிறகு கிட்டத்தில், உடுக்கையும் சிலம்பும் சேர்ந்து. அவளைக் கடந்தபோது நாற்காலியில் தலையைக்கூடத் திருப்பினாள்.

மறுபடி கேட்கலாம் என்று விசையைத் தட்டினாள். லேப்டாப் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொன்றைத் தட்டினாள். அப்போதும் குரல் இல்லை. குறுக்கே வராது என்று இளவரசன் சொன்ன சத்தங்களில் அந்தக் குரலும் ஒன்று என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அடுத்த பதிவு ஓட ஆரம்பித்தது. எங்கே இருக்கிறோம், எதைத் தட்டுகிறோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடவினாள். கடைசியில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து எல்லாவற்றையும் அணைத்தாள்.

தனகோட்டி டியூட்டி முடிந்து வந்ததும் சொன்னாள். "நல்லா கேக்குதுங்க. ஆனா என்னைக் கண்ணைக் கட்டி உட்டமாதிரி ஆயிடுச்சி."

"அப்ப பழசையே வச்சிக்க. எதுக்கு டென்ஷன்?"

"அது சரி. அந்த பம்பை எப்படி நடந்து வந்துச்சின்னு தெரியணும்ல?"

அந்தக் கேள்வி அவளை விடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டதும் தனகோட்டியை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தாள். காட்டிக்கொடுக்காமல் இருக்க லேப்டாப்பின் குரலை நிறுத்தினாள். எந்த மென்பொருளில் போடுகிறான் என்று சொல்லாமல் அவன் மாற்றி மாற்றிப் போட வேண்டும். அவள் கேட்டுச் சொல்ல வேண்டும். சினிமாப் பாட்டில் ஆரம்பித்தார்கள். ஒரு தடவைகூட அவள் தப்பாகச் சொல்லவில்லை.

"பாத்தீங்களா, புதுசுதான் நல்லா இருக்குது" என்றாள்.

தனகோட்டி ஹெட்போனை வாங்கி இரண்டையும் கேட்டான். "புதுசுல சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது அமிர்தம். பஸ்ல கூட அப்படித்தான், சவுண்டு ஏத்தி வச்சா ஜனங்க பாட்டு நல்லா இருக்குதுன்னுவாங்க."

இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் "இன்னும் கொஞ்சம், கொஞ்சம், போதும்" என்று சொல்லச் சொல்ல அவன் குறைத்தான். அதற்கப்புறம் அவளுக்குத் தடுமாற்றம் வந்துவிட்டது. பாதி சரி, பாதி தப்பு. காசைச் சுண்டிவிட்டுச் சொன்னாலும் அவ்வளவுதான் வரும் என்று அவளே சிரித்தாள்.

"மேல்மலையனூரைப் போடுங்க."

அதில் மட்டும் அவள் ஒரு தடவையும் தவறவில்லை. பழையதில் பம்பை நின்றது, புதியதில் நடந்தது. தனகோட்டிக்கும் அது தெளிவாகக் கேட்டது. இப்போது அவனுக்கும் ஆர்வம் வந்துவிட்டது.

"பாட்டுல ஒண்ணும் தெரியல. இதுல மட்டும் எப்படி?" என்றான்.

அமிர்தவல்லி யோசித்தாள். சினிமாப் பாட்டு முழுக்க ஏறத்தாழ ஒரே சத்தத்தில் போகிறது. பம்பை அப்படி இல்லை; தூரத்தில் சின்னதாக இருந்து கிட்டத்தில் பெரிதாகிறது. பழைய மென்பொருள் சின்னதைத் தூக்கி, பெரியதை அமுக்கி, எல்லாவற்றையும் சமமாக்குகிறதோ?

குரலை மறுபடி போட்டுக்கொண்டு, பழைய மென்பொருளின் அமைப்புகள் பக்கத்துக்குப் போனாள். அங்கே ஓர் இடத்தில் குரல் "பட்டன், பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னது. பெயர் எதுவும் சொல்லவில்லை. எத்தனையோ தடவை அவள் தாண்டிப்போன இடம்தான் அது.

"இங்க இன்னா எழுதியிருக்குது, பாருங்க."

தனகோட்டி ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாகச் சொன்னான். முதல் பட்டனும் இரண்டாவதும் வேறு எதற்கோ. மூன்றாவதை அவன் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குப் புரிந்துவிட்டது. சத்தத்தைத் தானாகச் சமப்படுத்து.

"அது பச்சையா இருக்குது" என்றான்.

"அணைச்சிடுங்க."

அணைத்தான். மேல்மலையனூரைப் போட்டான். பழைய, எளிய மென்பொருளிலேயே பம்பை வயல் ஓரத்திலிருந்து புறப்பட்டு வந்தது. நடுவில் அவள் விசையைத் தட்டினாள். நின்றது. குரல் பெயரைச் சொன்னது. அன்று சாயங்காலம் வரை அவள் பழைய பதிவுகளையெல்லாம் எடுத்துக் கேட்டாள். எல்லாவற்றிலும் தூரம் இருந்தது. இத்தனை நாளும் அதை இழந்திருந்ததில் கோபம் வர வேண்டும். அவளுக்கு வந்ததென்னவோ சந்தோஷம்தான்.

திங்கட்கிழமை இளவரசனிடம் சொன்னாள். அவன் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, தானும் கேட்டுப் பார்த்தான். சில பாட்டில் சரியாகச் சொன்னான், சிலவற்றில் இல்லை. "எனக்கு என்னமோ இன்னும் வித்தியாசம் இருக்குதுன்னுதான் தோணுது டீச்சர். காதா, மனசான்னு தெரியல" என்றான். அவன் தன்னுடையதையே வைத்துக்கொண்டான். அவனுக்குத் திரை தெரியும். குரல் போனால் நஷ்டமில்லை.

பழைய மென்பொருளைச் செய்தவர்களுக்கு அமிர்தவல்லி ஒரு மெயில் போட்டாள். அந்த மூன்று பட்டன்களுக்கும் பெயர் வைக்கும்படி கேட்டிருந்தாள். கொஞ்ச நாள் கழித்துப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் குரல் மூன்றின் பெயரையும் வாசித்தது. வேறு எங்கெல்லாம் பெயர் இல்லை என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். அவள் தேடித் தேடி எழுதி அனுப்ப ஆரம்பித்தாள். இப்போது ஒவ்வொரு புதுப் பதிப்பையும் வெளியிடும் முன் அவளுக்கு அனுப்பிக் கேட்கிறார்கள்.

போன வாரம் பனமலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றபோது, ரெக்கார்டரைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தாள்.

"ஏங்க, இதுக்குள்ளயும் அப்படி ஒரு பட்டன் இருக்குமோ?"

"இருந்தாலும் இருக்கும்" என்றான் தனகோட்டி. "குடு, பாக்கலாம்."