ஆட்டுத் தொடையில் பழகிய முதலுதவி

முதலுதவி பழகியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை: காயத்தைக் கட்டுவது பாதி வேலை, சுற்றி நிற்கும் சனத்தைக் கட்டுப்படுத்துவது மீதி வேலை.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நான் எங்கள் தீவில், சுருவில் என்ற ஊரின் சங்கக்கடையில் அரிசி, சீனி நிறுத்துக்கொண்டிருந்தேன். தீவைப் பட்டணத்தோடு இணைக்கும் பண்ணைப் பாதை சண்டையால் எப்போது திறக்கும், எப்போது மூடும் என்று ஒருவருக்கும் தெரியாத காலம். காயப்பட்ட ஆளைப் பட்டணத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் இரத்தமெல்லாம் வழியிலேயே போய்விடும். அதனால் ஊர்காவற்றுறைக்காரியான ரோசலின் மிஸ்ஸி தன் லீவு நாட்களில் சரவணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களைக் கூட்டிவைத்துப் பழக்கினா. ஆஸ்பத்திரித் தாதி. என்னுடைய வயதுதான் அவவுக்கும். கோபம் மட்டும் என்னைவிட இரண்டு மடங்கு.

ஆட்டுத் தொடை

மிஸ்ஸிக்குக் கரும்பலகையில் நம்பிக்கை இல்லை. "இரத்தத்தைப் படத்தில பார்த்துப் பழகேலாது" என்று ஒரு நாள் ஆட்டுத் தொடை கேட்டா. எங்களோடு பழகியவர்களில் அந்தோனி அண்ணை என்று ஒரு கடற்றொழிலாளி. வீட்டில் விருந்துக்கு அடித்த ஆட்டின் தொடையை அவர் ஓலைப்பெட்டியில் கொண்டுவந்தார். மிஸ்ஸி அதில் கத்தியை ஆழமாக இறக்கி, சேலைன் குழாயை உள்ளே விட்டு, பீற்றூட் அவித்த தண்ணீரை அமத்திவிட்டா. சிவப்பாகப் பீறிட்டு என் சட்டையில் அடித்தது. நான் பதறி மேலே சீலையைப் பொத்தினேன். தண்ணீர் பக்கத்தால் வழிந்தது.

"மேல மூடி என்ன பிரயோசனம்? விரலை உள்ளுக்க விடும். எங்க இருந்து வருதெண்டு தேடும். அங்க சீலையை அடைஞ்சு, உம்மட முழுப் பாரத்தையும் போடும்!" என்று கத்தினா மிஸ்ஸி. தேடினேன். அந்த இடம் விரலில் தட்டுப்பட்டு ஓட்டம் நின்றபோது, சோதனையில் பாஸ் பண்ணியபோதுகூட வராத சந்தோசம் வந்தது. எல்லோரும் மாறி மாறி அடைத்துப் பழகி முடிய, அந்தோனி அண்ணையின் மனுசி தொடையைத் திருப்பி எடுக்க வந்தா.

"சீலைத்துண்டு முழுக்க எடுத்துப்போட்டீங்களோ எண்டு வடிவாப் பாருங்கோ, பின்னேரம் சம்பந்தி வீட்டார் சாப்பிட வருகினம்."

பனையால் விழுந்தவர்

ஓலை வெட்ட ஏறிய செல்லையா அண்ணை விழுந்துவிட்டார் என்று கடைக்கு ஆள் வந்தது. நான் ஓடிப்போனபோது ஒருவர் சோடா உடைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவர் "தூக்கி இருத்துங்கோ, காத்துப் படட்டும்" என்று தோளில் கை வைத்துவிட்டார். அவரைத் தள்ளிவிட்டு, மண்ணில் முழங்கையை ஊன்றி, விழுந்தவரின் தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தேன். கால் விரலை ஆட்டச் சொன்னேன். ஆட்டினார். போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. ஆனால் பிடரி நோகுது என்றார்.

"ஒரு கதவைக் கழட்டிக்கொண்டு வாங்கோ" என்றேன். யாருடைய வீட்டுக் கதவு என்பதில் வாக்குவாதம் தொடங்கியது. அது முடிகிறபாடாய் இல்லை. "தங்கச்சி, மூக்குக் கடிக்குது, சொறியட்டே?" என்றார் செல்லையா அண்ணை. "ஏலாது அண்ணை, கையைக்கூட அசைக்கக்கூடாது." "அப்ப நீராவது சொறிஞ்சுவிடும்." எனக்கு ஏது மூன்றாம் கை? சோடாக்காரர்தான் சொறிந்துவிட்டார். கடைசியில் செல்லையா அண்ணையின் சொந்தக் குசினிக் கதவே வந்தது. எல்லோருமாக ஒரே நேரத்தில் புரட்டி, கதவில் கிடத்தி, வேட்டியால் கட்டி, உழவு இயந்திரத்தில் ஏற்றினோம். கழுத்தெலும்பில் வெடிப்பாம், இருத்தியிருந்தால் கைகால் விளங்காமல் போயிருக்கும் என்று டொக்டர் சொன்னாராம். சுகமாகி வந்தவர் கடைக்குள் நுழைந்ததும் சொன்னது இது:

"எலும்பு பொருந்தீட்டுதாம் தங்கச்சி. நீர் அமத்திப் பிடிச்ச காது ரெண்டும்தான் இன்னும் நோகுது."

வள்ளத்தில்

வேலணையில் பீரங்கிச் செல் விழுந்த நாள். அந்தோனி அண்ணையும் நானும் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் இரண்டு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். "கத்துறவருக்கு மூச்சு இருக்கு, கத்தாதவரிட்டப் போங்கோ" என்பது மிஸ்ஸியின் பாடம். கிணற்றுக்கட்டில் சாய்ந்தபடி, சத்தமே இல்லாமல், பரமேஸ்வரி அக்கா இருந்தா. துவைத்துக்கொண்டிருந்த அவவின் தொடையில் செல்துண்டு. பாவாடையெல்லாம் இரத்தம். விரலை விட்டுத் தேடினேன். ஆடு சூடாக இருக்கவில்லை, துடிக்கவும் இல்லை. அந்த இடத்தைக் கண்டுபிடித்து, துவைத்துவைத்த சீலையையே கிழித்து அடைத்து, முழங்காலில் நின்று என் பாரம் முழுவதையும் போட்டேன்.

பாதை மூடியிருந்தது. கடலுக்கு அக்கரையில் அராலிப் பக்கம் போக வள்ளம்தான். அந்தோனி அண்ணை மரக்கோல் ஊன்ற, நான் அமத்திய கையை எடுக்காமல் அவவைக் கதைக்கவைத்தேன். "அக்கா, இண்டைக்கு என்ன சமைச்சனீங்கள்?" "கத்தரிக்காய்..." கண் சொருகும். "பிறகு? புளி விட்டனீங்களோ?" "விட்டனான்..." ஒரு கத்தரிக்காய்க் குழம்பை இவ்வளவு உயிரைப் பிடித்துக்கொண்டு நான் கேட்டதில்லை. அக்கா பிழைத்தா. கொஞ்சம் சாய்ந்து சாய்ந்து என்றாலும் கோயிலுக்கு நடந்துதான் போகிறா. ஆனால் அதெல்லாம் பிறகு வந்த கதை. பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் தள்ளுகட்டிலோடு ஓடியபோதும் என் கை விறைத்து அங்கேயே இருந்தது. விட்டால் போய்விடுவா என்ற பயம். அங்கே நின்ற ஒரு தாதி என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தா.

"விடும் பிள்ளை. இனி நாங்கள் பிடிக்கிறம்."

முரல்

முரல் மீனுக்குச் சொண்டு, அதாவது வாயலகு, ஊசி மாதிரி. பாய்ந்தால் ஈட்டி. விடிய வள்ளங்கள் திரும்பும் நேரம், அந்தோனி அண்ணைக்கு முரல் குத்திவிட்டது என்று கூப்பிட்டார்கள். கரையில் அவர் தானே நடந்து வந்தார். தோளுக்குக் கீழே சொண்டு நட்டுக்கொண்டு நின்றது. மீனின் உடம்பைத் தம்பிக்காரனைக் கொண்டு வெட்டுவித்திருந்தார். சொண்டை மட்டும் தொட விடவில்லை. இழுக்க வந்த ஒவ்வொருவரையும் கடலில் பேசுகிற பேச்செல்லாம் பேசிக் கலைத்தாராம்.

இழுத்தால் அடைப்புப் பிடுங்கியதுபோல இரத்தம் பாயும் என்று இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் அல்லவா? நான் துணியை வளையமாகச் சுற்றி, சொண்டு அசையாமல் அணைகொடுத்துக் கட்டினேன். நோயாளி எனக்குப் பரீட்சை வைத்தார்: "அந்தப் பக்கம் தொய்யுது. மிஸ்ஸி பார்த்தால் கொல்லுவா. இறுக்கும்." ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்து, நரம்புக்கு ஒரு நூல் தள்ளித்தான் நின்றது என்றார்கள். பார்க்கப்போன எங்களிடம், படுக்கையில் சாய்ந்திருந்து சிரித்தார்.

"இவ்வளவு காலமும் நான் மீனைப் பிடிச்சனான், அண்டைக்கு ஒரு மீன் என்னைப் பிடிச்சுப் பார்த்திட்டு, ருசியில்லையெண்டு விட்டிட்டுது."

எங்கள் கையால் கட்டுப்போட்டுக்கொண்ட எவரும் நன்றி என்று ஒரு சொல் சொன்னதாக எனக்கு ஞாபகமில்லை. குறை சொல்லவும் பகிடி விடவும் உயிரோடு இருந்தார்களே, அதுவே எங்களுக்குக் காணும்.