முடிந்து வைத்த காசு

நாணயக் கண்காட்சி என்று ஒன்று இருப்பதே அந்த ஞாயிற்றுக்கிழமைவரை எனக்குத் தெரியாது. பழைய காசைப் பார்ப்பதற்காக ஆட்கள் தலைசீவி, சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு வருவார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசையில் தட்டச்சு செய்கிறவள்தான் பத்திரிகையில் வந்த சின்ன விளம்பரம் ஒன்றை வெட்டிக் கொண்டுவந்து தந்தாள். பம்பலப்பிட்டியில் ஒரு மண்டபம், காலை ஒன்பது மணியிலிருந்து, வாங்கவும் விற்கவும் வசதி உண்டு என்று போட்டிருந்தது. எனக்கு வேண்டியது அந்த விற்கவும் என்ற ஒரு சொல் மட்டும்தான்.

தம்பியைப் பிடித்துக்கொண்டு போய் அப்போது மூன்று மாதம். வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையை ஒரு விடியற்காலையில் ஆமியும் பொலிஸும் சுற்றிவளைத்தார்கள். கொழும்பில் தங்குகிற தமிழர் கையில் வைத்திருக்க வேண்டிய பொலிஸ் பதிவுத் துண்டு, அவனுடையது காலாவதியாகியிருந்தது. புதுப்பித்து வை என்று நான் இரண்டு தரம் சொல்லியிருந்தேன். நாளைக்குப் போறன் என்றான். அந்த நாளைக்காகத்தான் மூன்று மாதமாக நான் அலுவலகத்தில் அரைநாள் லீவு போட்டுப் போட்டு, ஒவ்வொரு வாசலாக நின்றுகொண்டிருந்தேன். பிடிபட்டவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். எனக்குக் கோபம் இருந்தது, இல்லை என்று எழுதினால் பொய்.

அவனை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வைக்க மனுப்போட வேண்டும், அதற்கு முற்பணம் புதன்கிழமைக்கு முன் வேண்டும், விட்டால் அடுத்த தவணை எப்போதென்று தன்னால் சொல்ல முடியாது என்றார் சட்டத்தரணி. என் சங்கிலி ஏற்கெனவே அடைவில் இருந்தது. தோட்டை விற்றுவிட்ட அம்மாவின் காதில் ஈர்க்குத் துண்டு. கடன் கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் எங்களைத் தூரத்தில் கண்டதும் வீதியின் மறுபக்கம் மாறத் தொடங்கியிருந்தார்கள். வீட்டில் மிஞ்சியிருந்தது அப்பாவின் பிஸ்கட் தகரப்பேணி.

அப்பா உயிரோடு இருந்தபோது நாங்கள் கொட்டாஞ்சேனையில் இருந்தோம். அவருக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கப்பல்காரர்கள் கொடுக்கும் வெளிநாட்டுக் காசு, செட்டியார் தெருவில் வாங்கிய ஒல்லாந்தர் காலத்துச் செம்புக்காசு என்று சேர்த்துச் சேர்த்து அந்தப் பேணிக்குள் போட்டுவைத்தார். அவர் போனபிறகு அது சாமிப்படத்துக்குக் கீழே இருந்தது. வருடத்துக்கு ஒரு தரம், சரஸ்வதி பூசைக்கு விளக்கு விளக்கும்போது, அம்மா செம்புக்காசுகளையும் கொட்டிப் புளிபோட்டு மினுக்கி வைப்பார். அப்பாவுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைதான் தம்பியைப் பார்க்க விடும் நாள். ஒரு ஆளைத்தான் விடுவார்கள், அது எப்போதும் அம்மாதான். அன்றும் அவர் சோற்றுப் பார்சலைக் கட்டிக்கொண்டு ஏழு மணிக்கே பஸ் எடுத்துவிட்டார். நான் பேணியைத் துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு எட்டரைக்குப் புறப்பட்டேன். அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அழுவார், பிறகு சம்மதிப்பார். அந்த அழுகையைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

மண்டப வாசலில் காவலுக்கு நின்றவன் பேணியைத் திறந்து பார்த்துவிட்டு, "மொனவத மே?" என்று சிங்களத்தில் கேட்டான், என்ன இது என்று. "பரண சல்லி, மாத்தயா" என்றேன். பழைய காசு என்ற சொல் கேட்டதும் அவன் முகம் தளர்ந்தது. அந்த மூன்று மாதத்தில் என்னைச் சந்தேகப்படாமல் உள்ளே விட்ட முதல் வாசல் அதுதான்.

உள்ளே கல்யாண வீட்டுச் சத்தம். மேசை மேசையாகப் பச்சைத் துணி விரித்து, கண்ணாடி மூடிய பெட்டிகளில் காசுகளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறை, பெயர், ஆண்டு. மனிதர்கள் பூதக்கண்ணாடியைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு குனிந்து நின்றார்கள். சிங்களவர், முஸ்லிம்கள், நம்மவர் என்று எல்லோரும் ஒரே மேசையில் தோளோடு தோள் இடித்து, ஒரு செப்புக்காசின் விளிம்பைப் பற்றி மனமொத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த நாட்டில் இப்படியும் ஒரு அறை இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்று எரிச்சலாக இருந்தது.

சுவரோரம் தொப்பி போட்ட ஒரு பெரியவர் தனியாக இருந்தார். கொம்பனித்தெருவில் கடை வைத்திருப்பவர் என்று பிறகு சொன்னார். தமிழில் கதைக்கலாம் என்பதற்காகவே அவரிடம் போனேன். அவர் பேணியைத் துணியில் கவிழ்த்தார். முதலில் செம்புக்காசுகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். புளி போட்டு விளக்கினீர்களா என்று கேட்டார். ஓம் என்றேன், கொஞ்சம் பெருமையாகக்கூட. அவர் கண்ணை மூடித் திறந்தார். அந்தக் கறுப்புத்தான் அதன் விலை, அதை நீங்கள் கழுவி ஊற்றிவிட்டீர்கள் என்று மெதுவாக விளக்கினார். அம்மா வருடா வருடம் பாடுபட்டு அப்பாவின் சொத்தை அழித்திருக்கிறார். எல்லாவற்றுக்குமாக அவர் சொன்ன தொகை சட்டத்தரணி கேட்டதில் கால்வாசி வராது.

அப்போதுதான் அந்தக் குவியலின் அடியில் மஞ்சள் துணி முடிச்சு ஒன்று கிடப்பதைக் கண்டேன்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். தம்பியைப் பிடித்த அன்று அம்மா தலைமுழுகி, வெள்ளைத் துணியை மஞ்சள் நீரில் தோய்த்து, ஒரு காசை வைத்து முடிந்து, அவன் வந்தால் கொட்டாஞ்சேனைப் பிள்ளையாருக்குக் கொண்டுவந்து போடுவேன் என்று நேர்ந்து வைத்தது. சாமிப்படத்துக்கு முன்னால் தட்டில்தான் இருந்தது. பிறகு ஒருநாள் வீடு சோதிக்க வந்த ஆமிக்காரன் துவக்கின் முனையால் அதைத் தட்டி, இதற்குள் என்ன என்று கேட்டான். அதற்குப் பிறகு தட்டில் அதைக் காணவில்லை. காசோடு காசாக இருக்கட்டும் என்று அம்மா பேணிக்குள் ஒளித்திருக்கிறார், எனக்குச் சொல்லாமல்.

உள்ளே ஒரு ரூபாய்க் குற்றி இருக்கும் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். தொட்டுப்பார்த்தேன், பெரிதாக இருந்தது. நேர்ந்தவர் தவிர வேறு கை அந்த முடிச்சை அவிழ்க்கக்கூடாது. அவிழ்த்தேன். வெள்ளிக்காசு. ஒரு பக்கம் இங்கிலாந்து ராஜாவின் தலை, மறுபக்கம் யானை. அப்பாவின் பேணியிலேயே விலைமதிப்பான காசை, யானை இருக்கிறது, பிள்ளையாருக்குப் பொருத்தம் என்று எடுத்து முடிந்திருக்கிறார்.

பெரியவர் கதிரையிலிருந்து அரைவாசி எழும்பிவிட்டார். பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். பிறகு அவருடைய பார்வை என் கையிலிருந்த துணிக்குப் போனது. கண்ணாடியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"நல்ல சாமான்தான். ஆனா இது நேர்ச்சக் காசு. இத நாங்க எடுக்க ஏலா, மகள்."

நேர்த்தி நிறைவேறிவிட்டது என்று பொய் சொன்னேன்.

"நிறைவேறினா அது கோயிலுக்குப் போகணும். நிறைவேறாட்டி வீட்டுல இரிக்கணும். கடைக்கு வாற வழி இதுல இல்ல."

அவருடைய வீட்டிலும் பள்ளிவாசலுக்கு நேர்ந்து இப்படித்தான் முடிந்து வைப்பார்களாம். அவர் நல்ல மனிதர். அன்றைக்கு எனக்கு நல்ல மனிதர் தேவைப்படவில்லை, வாங்குகிற மனிதர்தான் தேவைப்பட்டார். மற்றக் காசுகளை அவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் அடுத்த வரிசைக்குப் போனேன்.

அங்கே வெள்ளைச் சாரம் கட்டிய ஒரு சிங்களப் பெரியவர். காசை அவர் கையில் கொடுத்தேன். மஞ்சள் கறை அவர் விரலில் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். "மேக்க பண்டுரக் நே, நங்கி" என்றார். அவர்களிடமும் அதே வழக்கம், தெய்வத்துக்கு முடியும் காசுக்கு அவர்கள் வைத்த பெயர் பண்டுர. இரண்டு கையாலும் ஏந்தி என்னிடம் திருப்பித் தந்தார். யாருக்கு வருத்தம் என்று கேட்டார். தம்பிக்கு என்றேன். சுகமாகிவிடும் என்று சொன்னார். சண்டையும் சோதனைச்சாவடியுமாக எதிலும் ஒத்துப்போகாத சனம், என் ஒரு காசை வாங்குவதில்லை என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. காலையில் தேநீர்கூடக் குடிக்காதது மட்டும் ஞாபகம் வந்தது.

மண்டபத்தின் பின்னால் பெண்களுக்கான கழிவறை இருந்தது. கதவைப் பூட்டிக்கொண்டு, கைகழுவும் தொட்டியில் சவர்க்காரம் போட்டுக் காசைக் கழுவினேன். ஒரு தரம் கழுவி முகர்ந்தேன், மஞ்சள் மணத்தது. இன்னொரு தரம் கழுவினேன். யானையின் காலடியில் கொஞ்சம் மஞ்சள் நின்றது, அதை நகத்தால் கிளறி எடுத்தேன். பிள்ளையாரே, உனக்குக் கண் இருந்தால் நீயே பார்த்துக்கொள் என்று வாய்விட்டுச் சொன்னேன். துணியை மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன்.

வாசலுக்குப் பக்கத்து மேசையில் ஒரு இளைஞன் நின்றான். அவன் ஒன்றும் முகரவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. தராசில் போட்டான், விலை சொன்னான், எண்ணித் தந்தான். மற்றதோடு சேர்த்தால் முற்பணத்துக்குப் போதும். வெளியே வந்து தேநீர்க்கடையில் ஒரு பிளேன்டீயும் பணிஸும் வாங்கி நின்றபடியே சாப்பிட்டேன். நல்ல ருசியாக இருந்தது, அதுவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து அதே அளவான ஒரு இரண்டு ரூபாய்க் குற்றியைத் தேடி, அதே துணியில் வைத்து முடிந்தேன். அம்மா பின்னேரம் வந்தார். பேணி காலியாக இருப்பதைச் சொன்னேன், சட்டத்தரணிக்குக் காசு சரி என்றேன். முடிச்சைத் தட்டில் வைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அம்மா போய் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றினார், திரும்ப வைத்தார். தம்பி மெலிந்துவிட்டான் என்று மட்டும் சொன்னார்.

அடுத்த கிழமையிலிருந்து அம்மா ஞாயிற்றுக்கிழமை விரதம் பிடிக்கத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை ஏற்கெனவே விரதம், சதுர்த்தியும் விரதம். ஆவணி மாதத்து ஞாயிறு பிடிப்பார்கள், வருடம் முழுக்க ஞாயிறு பிடிப்பவரை நான் கண்டதில்லை. தண்ணீரைத் தவிர ஒன்றும் படாமல் போய் வரிசையில் நின்று அவனைப் பார்த்துவிட்டு வந்து, பொழுதுபட்ட பிறகு ஒருநேரம் சாப்பிடுவார். நான் வீட்டில் நிற்கிற ஒரே நாள் அது, மீன் வாங்கிச் சமைக்கக்கூடிய ஒரே நாள். அந்த நாளில் வீட்டில் மீன் மச்சம் இல்லாமல் போனது. மகனுக்காகக் கழுத்தை வெட்டச் சொன்னாலும் வெட்டுவார், அலைந்து திரிகிற என்னை ஒரு நேரம் சாப்பிட்டாயா என்று கேட்கமாட்டார் என்று எனக்குள் புகைந்தது. வாய்திறந்து கேட்கவில்லை. கேட்டால் முடிச்சில் போய் நிற்குமோ என்று பயம்.

தம்பி வந்தான். வழக்கு இழுபட்டு இழுபட்டுக் கிட்டத்தட்ட ஒரு வருடமானது. பிள்ளையார்தான் அவனை விடுவிச்சவர் என்று அம்மா ஒழுங்கை முழுக்கச் சொன்னார். சட்டத்தரணியையும் சொல்லவில்லை, என்னையும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அம்மா முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே உண்டியலில் போட்டார். நான் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு, தம்பி வந்த சந்தோஷத்துக்கு என்று சந்தைக்குப் போய் நல்ல பாரைமீன் ஒன்று வாங்கிவந்தேன். அம்மா குசினி வாசலில் நின்று, இன்றைக்கு வேண்டாம் பிள்ளை, நாளைக்குச் சமைப்போம் என்றார். விரதமாம். ஒரு வருடமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது. அவன்தான் வந்துவிட்டானே, இன்னும் யாருக்கு விரதம், நான் இந்த வீட்டில் ஒரு நாள் வாய்க்கு ருசியாகச் சாப்பிடக்கூடாதா என்று கத்தினேன்.

அம்மா தம்பிக்குக் கேட்காதபடி கதவைச் சாத்தினார்.

"இது அவனுக்காகப் பிடிக்கிற விரதமில்லை. உனக்காக."

எனக்கு விளங்கவில்லை.

"என்ர முடிச்சு எனக்குத் தெரியாதே? நீ கொண்டுவந்து வச்ச அண்டைக்கே தெரியும். நான் வாய் திறந்திருந்தால் நீ வித்த காசைத் திருப்பிக் குடுத்து அதை மீட்க ஓடியிருப்பாய், பிறகு அவன் கதி என்ன? அதுதான் கதைக்கேல்லை. சாமியின்ர காசை எடுத்த குற்றம் உன்ர தலையில விழக்கூடாதெண்டு பிடிக்கிறன். நீ கலியாணம் கட்டிப் போகுமட்டும் பிடிப்பன்."

அவர் மீனை என் கையிலிருந்து வாங்கி, உப்புப் போட்டு மூடி வைத்துவிட்டு வெளியே போனார். நான் குசினியிலேயே நின்றேன். அந்த ஒரு வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் அம்மாவை நான் மனதுக்குள் திட்டியிருந்தேன்.