கறுத்துப்போன செம்பு

கல்யாணமாகி ஆம்பூருக்கு வந்த புதிது. தோல் பதனிடும் எங்கள் ஷாப்பை ஒட்டியே வீடு. நான்கு நாளாக வராதிருந்த வேலைக்காரி வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். பிறந்த வீட்டு வெள்ளிச் செம்பு இருந்த இடத்தில் கன்னங்கரேலென்று ஒரு செம்பு இருந்தது.

“வெள்ளிய எடுத்துட்டு ஈயத்த வெச்சிட்டுப் போனியாடி?” என்று கத்தினேன்.

அவள் அதை எடுத்துப் புளியும் சாம்பலும் வைத்துத் தேய்த்தாள். என் செம்பேதான். அப்பா வெட்டவைத்த என் பெயர்கூடப் பளிச்சென்று தெரிந்தது.

“ஷாப்பு காத்துக்கு வெள்ளி கறுத்துடும்மா. தெனம் நான்தான் தேய்ப்பேன். நாலு நாளா ஜொரம்.”

செம்பை நீட்டினாள். வாங்கும்போது பட்ட அவள் விரல்கள் இன்னும் அனலாகக் கொதித்தன.