சைக்கிள் சுற்றிக் கேட்ட தீவு

நோர்வேயின் வடக்கே ஒரு சின்னத் தீவில், அகதியாகப் போன அண்ணனுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அந்தத் தீவைப் பற்றி அவன் ஒரு கசற்றில் பேசிப் பதிந்து அனுப்பியிருந்தான். சண்டைக் காலம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருந்த எங்கள் ஊரில் மின்சாரம் இல்லை. பட்டரி கொண்டுவரவும் தடை. ஊரில் எல்லோரையும் போல நாங்களும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோ வயரைக் கசற் போடும் ரேடியோவில் கொளுவி, பெடலைக் கையால் சுற்றித்தான் எதையும் கேட்போம். வீட்டில் அம்மாவும் நானும்தான். சுற்றுவது தங்கச்சியான என் வேலை. அண்ணன் வாயாடி என்பது தோள் வலித்தபோதுதான் முழுதாக விளங்கியது.

தீவில் ஒரு பள்ளிக்கூடம், ஒரு தேவாலயம், ஒரு கடை. நகரசபைத் தலைவரும் கடையில் வரிசையில்தான் நிற்பாராம். மீனை உப்புப் போடாமலே கம்புகளில் தொங்கவிட்டுக் காயவைப்பார்களாம். உப்பில்லாத கருவாடு புழுத்துப் போகாதா என்று அம்மா ரேடியோவிடமே கேட்டார். எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு வந்து கனகாலம்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. சுற்று குறைய, அண்ணனின் குரல் தடித்து இழுபட்டது. அம்மாவின் முகம் மாறியது. பிள்ளை அழுகிறான், அங்கே அவனுக்குச் சரிவரவில்லை, திரும்பி வரச் சொல்ல வேண்டும் என்று எழும்பிவிட்டார்.

எனக்குப் பயம் பிடித்தது. அவன் வயதில் வாவிப் பாலத்தில் இராணுவம் மறித்துப் பிடித்துப் போனவர்கள் ஒருவரும் ஊருக்குத் திரும்பவில்லை. அம்மா வா என்றால் அவன் வந்துவிடுவான். என் கைதான் சோர்ந்தது என்று சொன்னேன், அம்மா நம்பவில்லை. கசற்றை முதலிலிருந்து போட்டு, மூச்சுப் பிடித்துச் சுற்றினேன். வேகம் கூடிப்போய், அண்ணன் கோழிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டான். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஒரே சீராகச் சுற்ற, அவனுடைய சொந்தக் குரல் வந்தது. அம்மா உட்கார்ந்தார்.

கடைசியில் தீவுப் பாலத்தைப் பற்றிச் சொன்னான். "நீளமான பாலம் அம்மா. ஒவ்வொரு நாளும் அதாலதான் வேலைக்குப் போய் வாறன். ஒருத்தரும் மறிக்கிறல்ல."

அந்த இடத்தை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன்.

கசற்றின் மற்றப் பக்கத்தில் எங்கள் பதிலைப் பேசி அனுப்ப வேண்டும். பதியும் பொத்தானை அமத்தி ரேடியோவை அம்மா பக்கம் திருப்பினேன். என்ன சொல்லப்போகிறாரோ தெரியவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன். அம்மா ரேடியோவுக்குக் கிட்டக் குனிந்தார்.

"நான் கூப்பிட்டாலும் நீ வராதே, மகன்," என்றார். "அங்கேயே இரி."