காலி அறைக்குக் குளிர்

ஏசி மெக்கானிக்குக்குக் கணக்குத் தெரியாது, சூடு தெரியும். கம்ப்யூட்டர்களை வரிசை வரிசையாக அடுக்கி வைக்கிற பெரிய கட்டடத்தில் அவருக்கு வேலை. ஓடுகிற மெஷினுக்குப் பின்னால் கையை நீட்டினால் அடுப்படியில் நிற்கிற மாதிரி அனல் அடிக்கும். ஆனால் அங்கே ஆறு அறையில் நாலு அறை ஜில்லென்று கிடந்தது. அலமாரிதான் நின்றது, உள்ளே ஒன்றுமில்லை. வெளியிலோ அந்தக் கட்டடத்தை நடத்திய கம்பெனியும் அதைப் போன்றவையும் பங்குச் சந்தையில் கிடுகிடுவென்று ஏறிக்கொண்டிருந்தன.

விலை விழும் என்றும் பந்தயம் கட்டலாமாம். பங்கை இரவல் வாங்கி இன்றைக்கு விற்று, விழுந்ததும் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மிச்சம் நமக்கு. பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்த மனைவியிடம் சொன்னார்.

"விழலேன்னா?"

"விழும். உள்ளே ஒண்ணுமே இல்லம்மா, நான் தினம் பார்க்கிறேன்."

"சரி, எப்போ விழும்?"

அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"ஏற ஏற நாமதானே கட்டணும்? விழுறதுக்காவது தரை இருக்கு. ஏறுறதுக்கு எல்லை இருக்கா? பொண்ணு படிப்புக்குச் சேர்த்த பணங்க."

மூன்று வாரம் மனசு அங்குமிங்கும் அலைந்தது. வேலைக்குப் போனதும் முதல் காரியமாகக் காலி அறையில் கையை நீட்டிப் பார்ப்பார். கட்டிவிடலாம் என்று தோன்றும். வீட்டுக்கு வந்து மகள் முகத்தைப் பார்த்ததும் தைரியம் கரைந்துவிடும். கடைசியில் விட்டுவிட்டார்.

சந்தை இன்னும் பதினாலு மாதம் ஏறியது. அந்தப் பங்குகளை வாங்கியிருந்த மச்சினன் கார் எடுத்தான். "வாங்க, சரிவு அத்தான்!" என்று விருந்தாளிகள் முன்னால் கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தாள். அதுதான் அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை எல்லாம் மளமளவென்று சரிந்தது. "நான் அப்பவே சொன்னேனா இல்லையா?" என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். மனைவி சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி சொன்னான்னு எட்டு மாசத்துக்கு முன்னாடி அந்தப் பணத்தைப் போட்டேன்."

"எவ்வளவு?"

"எல்லாத்தையும்."

வாய்வரை வந்த வார்த்தையை மென்று முழுங்கினார். யாரை ஜெயிக்க?

"விழும்னு போடத்தான் பயமா? ஏறும்னு போட பயமில்லையா?" என்று மட்டும் கேட்டார்.

"அப்போ எல்லாரும் போட்டாங்க," என்றாள்.

அடுத்த மாதம் கட்டடத்தை மூடினார்கள். ஏசிகளைக் கழற்றுகிற வேலையை அவரிடமே கொடுத்துவிட்டு, முடிந்ததும் அவரையும் அனுப்பினார்கள். இப்போது இறைச்சியைக் குளிரில் வைக்கிற கிடங்கில் பாதிச் சம்பளத்துக்குப் போகிறார். மகள் ஒரு துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். வீட்டில் வேண்டியதை மட்டும் பேசிக்கொள்கிறார்கள்: பால் வாங்கியாச்சா, கதவைப் பூட்டியாச்சா.